எறும்பின் வெற்றுத்தாள்

கொக்கு வாத்தியாரின் வகுப்பில் முதல் ரேங்க் எப்போதும் பூனைக்குத்தான். கடைசி ரேங்க் எறும்புக்கு.

அரையாண்டுப் பரீட்சையிலும் எறும்பு வெற்றுத்தாளை நீட்டியது. கொக்குக்குக் கோபம் தாங்கவில்லை.

"ஒரு கேள்விக்குக்கூடவா பதில் தெரியல?"

"எல்லாம் தெரியும் சார். நேத்து எங்க புத்துல அத்தனை பேருக்கும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். இங்கே தனியா உட்கார்ந்தா கை ஓட மாட்டேங்குது. யாருக்காக எழுதறதுன்னு புரியல."

"உனக்காகத்தான்!"

"எனக்குத்தான் பதில் தெரியுமே சார்."

முதல் பெஞ்சில் பூனை மீசைக்குள் சிரித்தது.

"பூனையைப் பார்த்துக் கத்துக்கோ. பக்கத்தில் யார் இருந்தாலும் திரும்பிப் பார்க்குதா? அவங்கவங்க வேலையை அவங்கவங்கதான் பார்க்கணும். நாளைக்கு உங்க வீட்டு ஆட்களைக் கூட்டிட்டு வா!" என்றது கொக்கு.

மறுநாள் காலையில் கொக்கு வழக்கம்போல ஒற்றைக் காலில் நின்று அட்டெண்டன்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்ப்பதற்குள் எறும்பின் வீட்டு ஆட்கள் வந்துவிட்டார்கள். மொத்தம் நாலாயிரம் பேர். வகுப்பில் தரையே தெரியவில்லை. எல்லாரும் பணிவாக வணக்கம் சொன்னார்கள்.

"எங்க பெரியத்தை மட்டும் கொஞ்சம் கடிப்பாங்க சார், தப்பா நினைச்சுக்காதீங்க" என்றது எறும்பு.

தூக்கிய காலை ஊன்ற இடமில்லாமல் கொக்கு தள்ளாடியது.

"பூனை, விழப்போறேன்! ஓடி வந்து பிடிச்சுக்கோ!"

பூனை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அவங்கவங்க வேலையை அவங்கவங்கதான் பார்க்கணும் சார்" என்றது.