நாலு கட்டை

“இன்னாம்மா இது, சுருதியை மறுபடியும் கம்மி பண்ணிட்டீங்களா?”

தேவானந்தம் பாடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“மூணு கட்டை சார்” என்றாள் இசைத்துறைத் தலைவி சௌந்தர்யா, சுருதிப்பெட்டியைப் பார்த்தபடி.

“போன வாரம் மூணரை. அதுக்கு முந்தின வாரம் நாலு. இப்படியே போனா விழா அன்னிக்கு நாம தரையில படுத்துக்கிட்டுத்தான் பாடணும்.”

மாணவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

இசையமைப்பாளர் சத்தியநேசனின் நூற்றாண்டு விழாவை வேலூரில் அந்தப் பல்கலைக்கழகம் கொண்டாடுகிறது. அவர் இசையில் பாடியவர்களில் இந்தப் பக்கத்தில் மிஞ்சியிருப்பவர் தேவானந்தம் ஒருவர்தான். வயது எழுபத்து மூன்று. ஆம்பூரில் ஷூ கம்பெனி சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். பாடியது ஒரே ஒரு பாட்டு. ஆனால் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அதைப் பாடாமல் அவரைப் பந்திக்கு விட மாட்டார்கள்.

‘நாலு கட்டையில இப்படிப் பாட இன்னொருத்தன் பொறந்துதான் வரணும்’ என்று சத்தியநேசனே தோளைத் தட்டிச் சொன்னாராம். மனிதர் இன்னும் அந்தத் தட்டலிலேயே இருக்கிறார்.

விழாவில் அவர் பாட வேண்டும், மாணவர்கள் கூடப் பாட வேண்டும். அதுதான் ஏற்பாடு.

“இனிமே எனக்கு மேடை கிடைக்கப் போறதில்லைம்மா. அவர் போட்டபடியே நாலு கட்டையில பாடிட்டு இறங்கிடணும். வேற ஆசை இல்ல.”

“பொண்ணுங்களுக்கு மேல எட்டல சார்.”

அங்கேதான் அவருக்குக் குழப்பம். எட்டவில்லை என்றுதானே இறக்கினார்கள்? இறக்கிய பிறகு அந்தப் பெண்கள் இன்னும் மோசமாகப் பாடினார்கள். கீழ் ஸ்வரம் வந்தால் முன்வரிசை ஃபீபியின் முகம் புளி தின்றதுபோல ஆகிவிடும். சத்தமே வெளியே வராது.

“ஏம்மா, உனக்கு மேலயும் எட்டல, கீழயும் எட்டல. அப்புறம் எங்கதான் எட்டும்?”

“சளி சார்” என்றாள் ஃபீபி.

“ஹால் மைக் வேற, மேல போனா கத்துது சார்” என்றாள் சௌந்தர்யா, அதே நேரத்தில்.

சளியா, மைக்கா? இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தேவானந்தத்துக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

வீட்டில் மனைவி மெர்சியிடம் புலம்பினார். “பேஜாராப் போச்சு மெர்சி. பாட்டு படிக்க வந்ததுங்க, ஒண்ணுக்கும் தொண்டை இல்ல.”

“சின்னப் பசங்க. கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க.”

அனுசரித்துத்தான் போனார். விழா நாளன்று சுருதி இரண்டரைக் கட்டையில் வந்து நின்றது.

ஆனால் அன்றைக்குப் பாட்டு என்னமோ அமைந்துவிட்டது. உச்ச ஸ்வரம் அலட்டாமல் வந்து உட்கார்ந்தது. அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. பொன்னாடை போர்த்தினார்கள். மைக்கைக் கையில் கொடுத்தார்கள்.

சும்மா இருந்திருக்கலாம்.

“நான் இதை நாலு கட்டையில பாடினவன். இந்தக் காலத்துப் பசங்களுக்குத் தொண்டை எட்டல. அதனால நான்தான் விட்டுக் கொடுத்தேன்” என்றார்.

அரங்கம் சிரித்தது. சௌந்தர்யா முதல் ஆளாகக் கைதட்டினாள். மாணவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

கார் வரைக்கும் போனவருக்கு மனசு கேட்கவில்லை. ஊரைக் கூட்டி வைத்துப் பிள்ளைகளை அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு வரலாம் என்று டிரைவரை இருக்கச் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

மேடைக்குப் பின்னால் இருந்த அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே பாட்டு.

அவர் பாட்டுதான். பிள்ளைகள் கூட்டமாகப் பாடிக்கொண்டிருந்தார்கள். சுருதி என்னவென்று அவருக்குப் பெட்டி வைத்துப் பார்க்க வேண்டியதில்லை. நாலு கட்டை. உச்ச ஸ்வரத்தை ஃபீபி தனியாக எடுத்தாள். பிசிறில்லை, திணறலில்லை. விளையாட்டாக அங்கேயே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்கினாள்.

“மெதுவா, மெதுவா. சார் கார் இன்னும் கிளம்பியிருக்காது.” சௌந்தர்யாவின் குரல்.

“ரெண்டு மாசமா அடித்தொண்டையிலயே பாடிட்டு இருந்தோம் மேடம். ஒரே ஒரு தடவை.” இது ஃபீபி.

முதல் ஒத்திகை அவருக்கு ஞாபகம் வந்தது. நாலு கட்டையில் உச்சத்துக்குப் போனபோது அவர் குரல் உடைந்தது. ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்று அன்றைக்கு அவரே சொன்னார். அதை அவரே நம்பியும் இருந்தார்.

கதவில் வைத்த கையை எடுத்துக்கொண்டார். அவமானமாக இருந்தது. செருப்புச் சத்தம் கேட்காமல் காருக்குத் திரும்பி நடந்தார்.

காரில் ஏறியதும் மெர்சி போன் செய்தாள்.

“இன்னாங்க, நல்லபடியா ஆச்சா? பசங்க உங்க அளவுக்கு ஏறி வந்தாங்களா?”

தேவானந்தம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“இல்ல மெர்சி. எனக்காக இறங்கி வந்தாங்க.”