ஊதிக் காட்டாத கடை

புல்லாங்குழல் விற்கிறவர் ஊதிக் காட்ட மாட்டேன் என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

விக்டோரியாவுக்கும் வந்தது. மாதா கோயில் திருவிழாவில் அந்த வரிசையில் இரண்டு குழல் கடைகள். எதிர்க்கடைக்காரன் சினிமாப் பாட்டாக ஊதித் தள்ளிக்கொண்டிருந்தான். கூட்டம் அள்ளியது. இந்தக் கடையில் இசக்கியப்பன் என்கிற பெரியவர் ஸ்டூலில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். ஆனால் விலை இவரிடம்தான் கட்டுப்படியானது. அங்கே முந்நூற்றைம்பது, இங்கே இருநூறு.

"ஒண்ணை எடுத்து ஊதிக் காட்டுங்க அண்ணாச்சி."

"நான் ஊத மாட்டேம்மா. பாப்பாவ ஊதச் சொல்லுங்க."

பாப்பா என்றது விக்டோரியாவின் மகள் ஸ்டெபியை. ஆறாம் வகுப்பு. அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒட்டி நின்றுகொண்டு, முடியாது என்று தலையை ஆட்டினாள்.

பாவம், அவள் பட்ட பாடு அப்படி. போன வருஷத் திருவிழாவில் விக்டோரியா இதே மாதிரி ஒரு குழல் வாங்கிக் கொடுத்திருந்தாள். விற்றவன் ஊதியபோது தேனாக ஒழுகியது. வீட்டுக்கு வந்து ஸ்டெபி ஊதினால், 'புஸ்'. ஒரு மாதம் ஊதினாள். உதடு வீங்கியதுதான் மிச்சம்.

இறால் கம்பெனியில் நாள் முழுக்க நின்று, கால் மரத்துப்போய்ச் சம்பாதித்த காசு. விக்டோரியாவுக்குக் கோபம் வராதா? அவன் ஊதினால் பாடுகிறது, நீ ஊதினால் பாடவில்லை, அப்புறம் கோளாறு யாரிடம் இருக்கிறது என்று கேட்டு, அந்தக் குழலை இரண்டாக முறித்தே போட்டுவிட்டாள்.

ஸ்டெபி அழுதாளே தவிர ஆசையை விடவில்லை. பள்ளிக்கூட ஸ்கேலையே குழலாகப் பிடித்து, விரலை வைத்துப் பழகிக்கொண்டிருந்தாள். இப்போது பள்ளிக்கூடத்துக்குப் பாட்டு டீச்சர் ஒருவர் வந்திருக்கிறார். திங்கட்கிழமை குழலோடு வருகிற பிள்ளைகளை மட்டும் சேர்த்துக்கொள்வாராம். இரண்டு நாள் ஒழுங்காகச் சாப்பிடாமல் பிடிவாதம் பிடித்ததில், அம்மா இறங்கி வந்தாள். ஒரே ஒரு நிபந்தனை. இதுவும் பாடவில்லை என்றால், சாகிற வரைக்கும் புல்லாங்குழல் என்ற பேச்சையே எடுக்கக் கூடாது.

அதனால்தான் விக்டோரியா உறுதியாக நின்றாள். நல்ல குழல்தானா என்று தன் காதால் கேட்காமல் வாங்கப்போவதில்லை.

இசக்கியப்பனும் அசையவில்லை. ஒவ்வொரு குழலாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்து விரிசல் இருக்கிறதா என்று பார்த்தார். ஸ்டெபியின் விரல்களைப் பிடித்துத் துளைகளின் மேல் வைத்து, இடைவெளி இல்லாமல் மூடுகிறதா என்று குனிந்து பார்த்தார். நாலு குழலை ஒதுக்கிவிட்டு ஐந்தாவதை நீட்டி, இதுதான் பிள்ளை விரலுக்குச் சரி என்றார். எல்லாம் செய்தார். ஊத மட்டும் இல்லை.

விக்டோரியா பொறுமை இழந்தாள்.

"மூங்கில் குச்சில ஓட்டையப் போட்டு ஏமாத்துதீங்களா? சரக்கு நல்லா இருந்தா ஊதிக் காட்டுததுக்கு என்ன?"

போகிறவர்கள் நின்றார்கள். அவருக்கு ஊதவே தெரியாது போல என்றார் ஒருவர். எல்லாம் கழிசல் சரக்கு, அதுதான் மலிவு என்று இன்னொருத்தர் எடுத்துக் கொடுத்தார். வாய் சும்மா இருக்குமா சனங்களுக்கு?

இசக்கியப்பன் முகம் சுருங்கியது. குனிந்து, மேஜைக்கு அடியில் இருந்த சாக்குப் பையிலிருந்து ஒரு குழலை உருவி எடுத்தார். துண்டால் துடைத்தார். ஊத ஆரம்பித்தார்.

மாதா பாட்டு ஒன்று. என்ன சொல்ல! பேசிக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடினார்கள். எதிர்க்கடைக்காரன்கூடத் தன் குழலை இறக்கிவிட்டுக் கேட்டான். ஸ்டெபி தன்னை அறியாமல் அம்மாவுக்கு முன்னால் வந்து நின்றாள்.

விக்டோரியாவுக்கு மனசு நிறைந்துவிட்டது. கூடவே, பேசிய பேச்சுக்காக வெட்கமாகவும் இருந்தது.

"இவ்வளவு அருமையா ஊதத் தெரிஞ்சும் ஏன் அண்ணாச்சி பிகு பண்ணுனீங்க? அதையே குடுங்க. கூடக் கொஞ்சம் ஆனாலும் பரவாயில்ல."

"மொதல்ல பாப்பா ஊதட்டும்" என்று அந்தக் குழலைத் துடைத்து ஸ்டெபியிடம் கொடுத்தார்.

பாட்டைக் கேட்ட தைரியத்தில் ஸ்டெபி வாயில் வைத்தாள்.

'புஸ்.'

மறுபடியும் 'புஸ்.' அவள் கண் கலங்கியது.

விக்டோரியாவுக்குப் பழைய ஆத்திரம் மூண்டது. "இப்பம் என்ன சொல்லுத? அவரு ஊதும்போது நீயும் கேட்டேல்லா? குழல் மேல குத்தமா, உன் மேல குத்தமா?"

இசக்கியப்பன் குறுக்கே வந்தார். முதலில் எடுத்து வைத்திருந்த அந்த ஐந்தாவது குழலை ஸ்டெபியின் கையில் வைத்தார். மெதுவா ஊது தாயி, பயப்படாத என்றார்.

ஸ்டெபி ஊதினாள். முதலில் காற்று. பிறகு மெலிசாக, ஆனால் சுத்தமாக, ஒரு சத்தம் எழுந்து அப்படியே நின்றது. ஸ்டெபியே பயந்துபோய்க் குழலை வாயிலிருந்து எடுத்துவிட்டாள்.

விக்டோரியா இரண்டு குழலையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்படியென்றால் அவர் ஊதினது எது என்று கேட்டாள்.

"அது நான் கழிச்சுப் போட்டதும்மா. ஊதுத தொளை கோணல், பிள்ளைக வாய்க்குப் பேசாது."

"அப்பம் போன வருசம்... நான் இவளைப் போயி..." விக்டோரியா மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும் அழுதாள்.

இசக்கியப்பனுக்கு அந்தக் கதை ஒன்றும் தெரியாது. தன் மேல்தான் இன்னும் சந்தேகம் தீரவில்லை என்று நினைத்துக்கொண்டு சொன்னார்:

"என் வாயில வச்சா அடுப்பு ஊதுத குழலும் பாடும் தாயி. அதைக் கேட்டு நீங்க வாங்கிட்டுப் போனா, வீட்ல அடி வாங்குதது பிள்ளைதான. அதான் கடையில நான் ஊதுததே இல்ல."