ரூட்டு

"அப்பா, அந்த டிரைவர்கிட்ட நான் ஒரு வார்த்தகூட பேசுனதில்லப்பா!" செங்கமலம் உள்ளேயிருந்து கதவைத் தட்டினாள். வெளியே பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு நகர்ந்தார் இளையபெருமாள்.

எல்லாம் ஒரு சொல்லால் வந்தது. "அரியலூர் பஸ் டிரைவர் காசிநாதன் உங்க வூட்டுப் பொம்பளைக்கு ரூட்டு வுடுறானாமே?" என்று கீழப்பழுவூர் டீக்கடையில் ஒருவன் கேட்க, அவருக்குத் தெரிந்த ரூட்டு பஸ் போகிற ரூட்டு மட்டும்தான்.

"நல்லதுதானே, நம்ம தெருவழியா வுட்டாத் தேவலை" என்றார். கடையே சிரித்தது. காதல் வலை வீசுவது என்ற அர்த்தம் தெரிந்து முகம் செத்து வீடு வந்தவர், மகளின் டைப்ரைட்டிங் வகுப்பை அன்றோடு நிறுத்தினார். பூலாம்பாடியில் அவசரமாக ஒரு மாப்பிள்ளையும் பார்த்துவிட்டார். அவனுக்கு இரண்டாம் தாரம்.

அவளை அடைத்து வைத்தது ஜன்னலில்லாத நெல் அறையில். மூட்டைகளுக்கு நடுவே உட்காரத்தான் இடம். சோற்றுத் தட்டு வரும்போது மட்டும் வெளிச்சம் வரும்.

தட்டை நீட்டுபவள் அத்தை கலியம்மாள். சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்து அண்ணன் வீட்டோடு வந்துவிட்டவள். வகுப்புக்குத் துணையாகத் தினமும் பஸ்ஸில் வந்தவளும் அவள்தான்.

"நீயாச்சும் சொல்லேன் அத்தே. கூடத்தானே இருந்தே?"

அத்தை நிமிரவில்லை. தட்டை உள்ளே தள்ளிவிட்டு நகர்ந்தாள். கதவு மறுபடி சாத்திக்கொண்டது.

கல்யாணத்துக்கு முதல் நாள் வாசலில் ஒரு குரல். "ஐயா, கொஞ்ச நாளா பஸ்ஸுல காணோம். மனசு கேக்கல, அதான் வந்தேன்." காசிநாதன்!

செங்கமலம் கதவிடுக்கில் கண்ணை வைத்தாள். அப்பா கூரை எரவாணத்திலிருந்து அரிவாளை உருவிவிட்டார்.

"வூடு தேடியே வந்துட்டியா? எம் மவளுக்கு ரூட்டு வுட்டியா இல்லியாடா?"

"சத்தியமா இல்லீங்க."

"பின்ன யாருக்குடா?"

காசிநாதன் குனிந்த தலையோடு அப்படியே நின்றான். அரிவாள் ஓங்கியது.

செங்கமலம் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது, அரிவாளுக்கும் அவனுக்கும் குறுக்கே அத்தை நின்றிருந்தாள். இத்தனை வருஷத்தில் அண்ணன் எதிரே குரலெடுத்துப் பேசியறியாதவள்.

"எனக்குத்தாண்ணே."