தொட மாட்டேன்

"இந்தக் கையை நான் தொட மாட்டேன்க்கா."

லியென் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டாள். நகப்பூச்சுக் கடையில் உட்கார்ந்திருந்த நாலு பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

லோர்னாவின் முகம் சிவந்துவிட்டது. ஏழு வருஷமாக, பதினைந்து நாளைக்கு ஒருமுறை, அமெரிக்காவின் டொலீடோ நகரத்தில் இதே கடை, இதே சிவப்புப் பூச்சு. இன்றும் பழைய பூச்சைத் துடைக்கும்வரை லியென் சிரித்துப் பேசிக்கொண்டுதான் இருந்தாள்.

"என்ன ஆச்சு உனக்கு? சனிக்கிழமை என் பொண்ணுக்குக் கல்யாணம்!"

"விரல் நுனியெல்லாம் உருண்டையா வீங்கியிருக்கு. நகம் கவுத்துப் போட்ட கரண்டியாட்டம் வளைஞ்சிருக்கு."

"மூட்டுவாதம்டி. ஆறு மாசமா முழங்கால், மணிக்கட்டு எல்லாம் வலி. பள்ளிக்கூடச் சமையல்கட்டுல ஒரு சட்டியைத் தூக்க முடியலை. டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கார்."

"அவர் நகத்தைப் பார்த்தாரா?"

"பூச்சுக்கு மேல எதைப் பார்ப்பார்?"

"அப்போ இப்படியே போய்க் காட்டி, ஒண்ணுமில்லைன்னு எழுதி வாங்கிட்டு வாங்க. நாலு பேர் வந்து போற இடம்."

"எனக்கென்ன தொத்துவியாதியா?"

லியென் கையுறையைக் கழற்றினாள்.

மறுநாள் காலையிலேயே லோர்னா டாக்டர் முன்னால் விரல்களை நீட்டினாள்.

"இது தொத்தாதுன்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க. அவ மூஞ்சில விட்டெறியணும்."

டாக்டர் எழுதவில்லை. விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தவர், நெஞ்சை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்.

நுரையீரலில் சின்னதாக ஒரு கட்டி. புற்றுநோய். விரல் வீக்கமும் ஆறு மாச மூட்டு வலியும் அதனால் வந்ததுதான்.

பூச்சில்லாத நகத்தோடு மகளின் கல்யாணத்தில் நின்றாள். அடுத்த வாரம் ஆபரேஷன். பரவுவதற்குள் கண்டுபிடித்ததால் முழுதாக எடுத்துவிட்டார்கள். சில நாளிலேயே முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை.

இரண்டு மாதம் கழித்து அதே கடைக்குப் போய், லியெனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரிஞ்சுதானேடி செஞ்சே? அதை நல்லபடியாச் சொல்லியிருக்கலாமே! எல்லார் முன்னாடியும் எதுக்கு அவமானப்படுத்தினே? அன்னிக்கு வந்த கோபத்துல உன்னைக் கொன்னே போட்டிருப்பேன்."

"கோபம் வந்தாத்தானே போவீங்க?"

லியெனின் குரல் இறங்கிவிட்டது.

"என் புருஷனுக்கும் நகம் இப்படித்தான் இருந்துச்சுக்கா. 'நகம் பூசறவளுக்கு என்ன தெரியும்'னு சிரிச்சார். அவர் போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆச்சு. அவர்கிட்ட நான் நல்லபடியாத்தான் சொன்னேன்."