கார்டு எடுப்பீங்களா?

"ஏங்க, சாப்பிட வாங்கன்னு எத்தனை தடவை கத்துறது?"

வேல்விழி கரண்டியோடு வாசலுக்கே வந்துவிட்டாள். ஜெயபாண்டி நிமிர்ந்து பார்த்து, "ஆங்?" என்றான்.

மூன்று மாதமாக இதே கூத்துதான். எதைச் சொன்னாலும் "ஆங்?" டிவி சத்தத்தை வேறு ஏற்றிக்கொண்டே போகிறான். பக்கத்து வீட்டு சின்னாத்தாள் வந்து, "கொஞ்சம் கொறச்சு வெய்யி கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனது அவளுக்கு அவமானமாக இருந்தது.

"உங்க அப்பாவுக்கும் இப்படித்தான் காது போச்சு. கம்பெனிக்குத் தெரிஞ்சா கட்டிங் மாஸ்டர் வேலைய விட்டுத் தூக்கிருவாய்ங்க. டாக்டர்கிட்டப் போவோம்."

"நீ கூட வந்தா வாரேன்" என்றான். பிகு பண்ணுவான் என்று நினைத்திருந்தவளுக்கு ஆச்சரியம்.

அவன் வேலை பார்க்கிற சின்ன பனியன் யூனிட்டில் இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீடு கிடையாது. நூல் சுற்றும் மில்லில் பதினாலு வருஷமாக நிற்கிற வேல்விழிக்கு உண்டு. அந்தக் கார்டில்தான் வீட்டுக்கே வைத்தியம்.

இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் காதைச் சோதிக்கக் கடிதம் கொடுத்து, கோயமுத்தூர் போகச் சொன்னார்கள். அங்கே போனால் ஒரு நாள் முழுக்கக் காத்துக் கிடக்கணும். இங்கேயே காது பார்க்கிற இடத்தில் யாராவது இந்தக் கார்டை எடுத்துக்கொள்ளமாட்டார்களா?

ஒத்த ரூபாய் போட்டுப் பேசுகிற போனில் விசாரித்துப் பார்த்தாள். லைன் கரகரவென்றிருந்தது, ஒன்றும் புரியவில்லை. ஷிப்ட் முடிந்து நேரிலேயே நடந்தாள்.

"கார்டெல்லாம் எடுக்கறதில்லீங்க்கா."

"போன வருசத்தோட நிறுத்திட்டமுங்க."

நாலு இடத்தில் இதே பதில். கடைசியில் மில்லில் கூட வேலை செய்யும் ஆத்தப்பன்தான் அவிநாசியில் ஒரு இடத்தைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். ஷம்ஷாத் என்கிற சின்ன வயசு அம்மா காது டெஸ்ட் பண்ணுகிறாராம், கார்டு எடுப்பாராம்.

அரை நாள் லீவு போட்டு ரெண்டு பேரும் போனார்கள்.

ஷம்ஷாத் கடிதத்தை வாங்கிப் பார்த்து, ஜெயபாண்டியைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துக் காதில் ஹெட்போனை மாட்டினார். வேல்விழி வெளியே பெஞ்சில் சாமியை வேண்டிக்கொண்டிருந்தாள்.

கால் மணி நேரத்தில் ரெண்டு பேரும் வெளியே வந்தார்கள்.

ஷம்ஷாத் அவள் எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நிறுத்தி நிதானமாகச் சொன்னார். "உங்க வீட்டுக்காரருக்குக் காது நல்லாக் கேக்குதுங்க. ஒரு குறையும் இல்லீங்க."

வேல்விழிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்ப மூணு மாசமா நடிச்சீங்களா? என்னைய ஊரெல்லாம் நாய் மாதிரி அலைய விட்டுட்டு?"

ஜெயபாண்டி தரையைப் பார்த்தான்.

ஷம்ஷாத் எழுந்துபோய், அலமாரிப் பக்கம் திரும்பி ஃபைலை எடுத்தபடியே ஏதோ சொன்னார்.

"என்னங்க சொன்னீங்க?" என்றாள் வேல்விழி.

ஷம்ஷாத் திரும்பி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "முன்னமே கதவத் தொறந்து உங்களை மூணு தரம் கூப்பிட்டேனுங்க. நீங்க திரும்பவே இல்லீங்க. இதே கார்டுல உங்களுக்கும் பாத்துரலாமுங்க."

"எனக்கா? எனக்கென்ன?"

வேல்விழி புருஷனைப் பார்த்தாள்.

அவன் அவள் காதோரம் குனிந்து, கொஞ்சம் சத்தமாகவே கேட்டான். "ஒனக்குன்னு சொல்லியிருந்தா வந்திருப்பியா புள்ள?"