கூட்டாமல் விட்ட 273

கல்லூரியில் சேரும் ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு கணினி நிழல் தருவார்கள். அது அவனோடு பாடம் கேட்டு, அவன் குரலிலேயே பேசிப் பழகும். பட்டம் வாங்கிய அன்று அதை அழித்துவிடுவார்கள்.

பாளையங்கோட்டை சண்முகவடிவின் மகன் இன்பச்செல்வன், மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டில் பைக் விபத்தில் செத்துப்போனான். மீதிப் படிப்பை நிழல் முடிக்கலாம் என்று விதி இருந்தது. அதுவும் முடித்தது. அவன் வைத்துவிட்டுப் போன தெர்மோடைனமிக்ஸ் அரியர் மட்டும் பாக்கி.

ரிசல்ட் வந்த சாயங்காலம் போன் அடித்தது.

"இந்தத் தடவையும் போச்சும்மா."

நிழலுக்கு இது ஆறாவது தடவை. செல்சியஸைக் கெல்வினாக மாற்ற 273-ஐக் கூட்டாமல் விட்டுவிட்டதாக ஒவ்வொரு முறையும் சொல்லும். இன்பன் எழுதிய பரீட்சையிலும் அதே தப்புதான். சண்முகவடிவுக்கு உள்ளூர நிம்மதி. இன்னும் ஆறு மாதத்துக்கு மகனின் குரல் இருக்கும்.

"பரவால்லய்யா. மறதி யாருக்குத்தான் இல்ல?"

"மறக்கலம்மா. வேணும்னுதான் விடுதேன். பாஸானா என்னய அழிச்சிருவாங்கல்லா." பிறகு, "ஒம் மகன்னா அடுத்த தடவையே பாஸ் பண்ணிருப்பான்" என்றது.

மேஜைமேல் இன்பனின் நோட்டு கிடந்தது. அந்தப் பரீட்சையில் தோற்ற பிறகு அதன் அட்டையில் சிவப்பு மையில் 273 என்று பெரிதாக எழுதி, இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தான்.

சண்முகவடிவு நோட்டைக் கவிழ்த்து வைத்தாள்.

"அடுத்த பரீட்சை எப்பய்யா?" என்று கேட்டாள்.