ஓடி வரக் கூடாது

"கிளி கடிச்சதும் யாரு ஓடி வருவாங்க?" என்று கேட்டார் பறவை மருத்துவர்.

"நான்தான்," என்றாள் தையல்காரி. "முப்பது வருஷம் பஸ் ஓட்டினவரு, ஒரு கிளிக்கு ஊரையே கூட்டுறாரு. மெஷினை நிறுத்திட்டு ஓடுவேன். இவர் விரலுக்கு மருந்து போட்டு, கிளியை நாலு திட்டு திட்டிட்டுத்தான் வருவேன்."

பக்கத்தில் கணவர் கூண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அந்தக் கலாட்டா அதுக்குப் பிடிச்சுப்போச்சும்மா," என்றார் மருத்துவர். "தனியா இருக்கிற ஜீவன், யாராவது வரட்டும்னுதான் கடிக்குது. இனிமே அவர் கத்த வேண்டாம், நீங்க ஓட வேண்டாம். தானா விட்டுடும்."

அப்படியே செய்தார்கள். நான்கே நாளில் கிளி கடிப்பதை விட்டுவிட்டது. வீட்டில் தையல் மெஷின் சத்தம் மட்டும் மிஞ்சியது. ஜன்னல் திரை மெல்ல உப்பி அடங்கிக்கொண்டிருந்த ஒரு மதியம், அந்தச் சத்தத்திலேயே பாதிக் கனவில் மிதந்தபடி அவள் ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள்.

"ஐயோ! கடிச்சிடுச்சு!"

மருத்துவர் சொன்னது நினைவுக்கு வந்தது. இருந்த இடத்திலிருந்தே கூடத்தை எட்டிப் பார்த்தாள்.

கூண்டு சாத்தியிருந்தது. உள்ளே கிளி, முதுகுச் சிறகுக்குள் முகம் புதைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் கணவர் விரலைப் பிடித்தபடி, மெஷின் நிற்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

மெஷின் நின்றது. அவள் மருந்தோடு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எந்த விரல்?"

அவர் கொஞ்சம் யோசித்து ஆள்காட்டி விரலை நீட்டினார்.

கீறல்கூட இல்லாத அந்த விரலில் அவள் நிதானமாக மருந்து தடவினாள்.

"ரொம்ப ஆழமாத்தாங்க கடிச்சிருக்கு," என்றாள்.